செடிகளின் பெயரும் சுற்றமும்



எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது என் தம்பிக்கு மஞ்சட்காமாலை கண்டது. மருத்துவமனையில் காட்டி மருந்து வாங்கி வந்தார்கள். ஆயினும் பாட்டிக்கு மனம் ஆறவில்லை. என்னை அழைத்து, "வாய்க்கால் கரையில் கீழாநெல்லி முளைத்துக் கிடக்கும், வேரோடு பிடுங்கிக்கொண்டு வா" என்றாள்.

நான் சிறிது நேரத்தில் ஒரு கூடை நிறையச் செடிகளைக் கொண்டுவந்து திண்ணையில் கொட்டினேன். பெரிய காரியம் செய்துவிட்ட பெருமிதம் எனக்கு. பாட்டி முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு செடியாகப் பார்த்தாள். என் கூடை மூன்று குவியல்களாயிற்று. முதற் குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இரண்டாம் குவியலிலிருந்து ஒரு செடியை எடுத்துத் தண்டைக் கிள்ளினாள். வெள்ளையாகப் பால் துளிர்த்தது. "இது அம்மான் பச்சரிசி. கீழாநெல்லிக்குப் பால் ஏதடா?" என்றாள். மூன்றாம் குவியலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அச்செடிகளுக்கும் முதற் குவியலில் இருந்தவற்றுக்கும் என் கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை. அதே சிற்றிலை, அதே உயரம், இலைக்கு அடியில் அதே வரிசையாய்ச் சிறு காய்கள். "இவை ஏன் ஆகா, பாட்டி?" என்று கேட்டேன். பாட்டி ஒரு கிளையின் அடிப்பக்கத்தில் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டினாள். "இது வேறு" என்றாள். அவ்வளவுதான். அந்தக் குவியல் தெருவுக்குப் போயிற்று.

தம்பி பிழைத்தான். மருத்துவமனை மருந்தால் பிழைத்தானா, ஓய்வால் பிழைத்தானா, பாட்டியின் சாற்றால் பிழைத்தானா என்று நான் துணிந்து சொல்ல இயலாது. மஞ்சட்காமாலை பல காரணங்களால் வருவது. கண்டவர் மருத்துவரிடமே செல்ல வேண்டும். இன்று நான் பேச வந்தது அந்த மூன்று குவியல்களைப் பற்றி. ஒரு செடியை மற்றொரு செடியினின்று பிரித்து அறிவது எங்ஙனம்? அறிந்த செடிக்குப் பெயரிடுவது எங்ஙனம்? பெயரிட்டவற்றை உறவு கண்டு அடுக்குவது எங்ஙனம்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடும் கலையே தாவர வகைப்பாட்டு நூலாகும்.

உலகில் பூக்கும் தாவரங்கள் மட்டும் ஏறக்குறைய மூன்று இலட்சம் வகைகள் உள்ளன. இவ்வளவு பெரிய கூட்டத்தில் பெயரின்றி ஒருவன் எதையும் தேட முடியாது. நம் முன்னோர் தம்மைச் சுற்றி இருந்த செடிகளுக்கெல்லாம் பெயரிட்டனர். அப்பெயர்கள் அழகானவை, பொருள் பொதிந்தவை. ஆனால் அவற்றையே நம்பி உறவு காணப் புகுந்தால் என்ன நேரும் என்பதற்கு வேம்பு ஒரு நல்ல சான்று.

வேம்பு என்று ஒரு மரம் உண்டு. மலைவேம்பு என்று மற்றொரு மரம் உண்டு. நிலவேம்பு என்பது முழங்கால் உயரமுள்ள ஒரு பூண்டு. கறிவேம்பு என்பது நம் வீட்டுக் கறிவேப்பிலை. சிவனார் வேம்பு என்பது ஒரு சிறு செடி. பெயரைக் கேட்டால் ஐந்தும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போலத் தோன்றும். ஆனால் பூவைப் பிரித்துப் பாருங்கள். வேப்பம்பூவில் மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒட்டி ஒரு குழாயாக நிற்கும். மலைவேம்பின் பூவிலும் அவ்வாறே நிற்கும். ஆகவே இவ்விரண்டும் உண்மையான உறவினர். நிலவேம்பின் பூவோ இரண்டு உதடுகளாகப் பிளந்து, இரண்டே மகரந்தத் தாள்களைக் கொண்டது. அதன் சுற்றத்தார் ஆடாதொடையும் கனகாம்பரமும் மலைமேற் பூக்கும் குறிஞ்சியும் ஆவர். கறிவேப்பிலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் ஒளி கசியும் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். எலுமிச்சை இலையிலும் வில்வ இலையிலும் அவை உண்டு. அக்குடும்பமே கறிவேப்பிலையின் குடும்பம். வேம்புக்கு அது தொலைவான உறவே. சிவனார் வேம்போ அவரைக் குடும்பத்தது. அவுரிக்கு மிக நெருங்கியது.

அப்படியாயின் நம் முன்னோர் தவறு செய்தனரா? அன்று. அவர்கள் நாவைக் கொண்டும் இலையின் தோற்றத்தைக் கொண்டும் பெயரிட்டனர். கசப்பது வேம்பு, வேப்பிலை போன்ற இலையுடையதும் வேம்பு. சமையலுக்கும் மருந்துக்கும் அந்த அறிவு பயன்பட்டது. ஆனால் கசப்பு என்பது பல குடும்பங்களில் தனித்தனியே தோன்றக்கூடிய ஒரு குணம். ஒரே ஊரில் கறுத்த சட்டை அணிந்தவர் எல்லாரும் உடன்பிறந்தார் ஆகமாட்டார் அல்லரோ?

இனி நெல்லிக்கு வருவோம். பெருநெல்லி ஒரு மரம். அருநெல்லி ஒரு சிறு மரம். கீழாநெல்லி ஒரு பருவத்தில் முளைத்து மடியும் பூண்டு. உருவத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஆனாலும் நம்மவர் மூன்றையும் நெல்லி என்றே அழைத்தனர். தாவர நூலார் ஆராய்ந்தபோது இவை மூன்றும் மெய்யாகவே ஒரு குடும்பத்தின் நெருங்கிய உறவினர் என்று கண்டனர். வேம்பில் வழுவிய பெயர் நெல்லியில் வழுவவில்லை. காரணம் யாது? நெல்லிக்குப் பெயரிட்டவர் காயைப் பார்த்தனர். காய் இருக்கும் இடத்தைப் பார்த்தனர்.

கீழாநெல்லியின் ஒரு கிளையைக் கையில் எடுங்கள். அது புளியிலை போன்ற ஒரு கூட்டிலை என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு சிற்றிலையின் கக்கத்திலும் ஒரு பூவோ காயோ இருப்பதைக் காண்பீர்கள். கூட்டிலையின் சிற்றிலைக்குக் கக்கத்தில் மொட்டு வருவதில்லை. முழு இலைக்குத்தான் வரும். ஆகையால் நீங்கள் இலை என்று நினைத்தது ஓர் இலையன்று. அது வரிசையாக இலைகளைத் தாங்கிய ஒரு சிறு கிளை. பெருநெல்லி மரத்திலும் இதே அமைப்புத்தான். அதன் மெல்லிய கிளைகள் இலையைப் போலவே நடித்து, பருவம் வந்ததும் இலையைப் போலவே முழுதாக உதிர்ந்துவிடும். இச்செடிகளின் பேரினத்திற்கு மேலைநாட்டார் பில்லாந்தஸ் என்று பெயரிட்டனர். கிரேக்க மொழியில் இலைப்பூ என்பது அதன் பொருள்.

எந்த உறுப்பைக் கொண்டு வகுப்பது என்பதே இக்கலையின் தலையாய வினா என்பது இப்போது விளங்கும். தொல்காப்பியத்தின் மரபியல் இவ்வினாவுக்கு ஒரு விடை தருகிறது. வயிரம் புறத்தே உடையவற்றைப் புல் என்றும், அகத்தே உடையவற்றை மரம் என்றும் அது பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லின் பக்கம் சேரும். ஒரு பனையை அறுத்துப் பார்த்தால், சாறு செல்லும் குழாய்க் கற்றைகள் தண்டு முழுதும் சிதறிக் கிடக்கும்; ஓரத்தில் நெருங்கி இறுகியும் நடுவில் நெகிழ்ந்தும் இருக்கும். வேம்பை அறுத்தால், பட்டைக்கு உட்புறம் உள்ள வளர்படலம் மேன்மேலும் கட்டையைச் சேர்த்து வர, நடுவில் வயிரம் பாய்ந்திருக்கும். இன்றைய நூலார் ஒரு விதையிலைத் தாவரம், இரு விதையிலைத் தாவரம் என்று பிரிப்பதற்கு இது பெரிதும் ஒத்துவருகிறது. எனினும் அப்பிரிவு அந்த அளவில் நின்றுவிட்டது. அதற்கு அடுத்த படிகளை நாம் கட்டவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

படிகளைக் கட்டியவர்களுள் முதன்மையானவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். 1707இல் பிறந்து 1778இல் மறைந்தவர். அவர் பூவின் மகரந்தத் தாள்களை எண்ணினார். அவற்றின் எண்ணிக்கையையும் அமைப்பையும் கொண்டு தாவரங்களை 24 வகுப்புகளாக வைத்தார். எண்ணத் தெரிந்த எவரும் ஒரு புதுச் செடியை உரிய வகுப்பில் சேர்க்கலாம். இம்முறை உலகெங்கும் பரவியதில் வியப்பில்லை. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. கரும்புப் பூவிலும் கோதுமைப் பூவிலும் மகரந்தத் தாள்கள் மூன்று; நெற்பூவில் ஆறு. ஆகவே நெல் தன் சுற்றத்தாராகிய கரும்பையும் கோதுமையையும் விட்டு, அல்லிப்பூவை ஒத்த லில்லிச் செடிகளோடு ஆறாம் வகுப்பில் போய் அமர்ந்தது. வயலில் நிற்கும் உழவன் எவனும் நெல்லையும் கரும்பையும் புல் என்றே சொல்வான். ஒரே குணத்தைப் பிடித்துக்கொண்டால் இவ்வாறுதான் முடியும். தம் முறை ஒரு செயற்கை ஏணியே என்பதை லின்னேயஸ் அறிந்திருந்தார்.

அவருக்குப் பின்வந்தோர் பல குணங்களை ஒருங்கே எடைபோட்டனர். 1789இல் பிரெஞ்சு நாட்டு ஜுஸ்ஸியூ இயற்கைக் குடும்பங்களை வகுத்தார். 1862 முதல் 1883 வரை ஆங்கில நாட்டு பெந்தமும் ஹூக்கரும் எழுதிய பெருநூல் அவ்வழியை விரிவாக்கியது. நம் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற முறை அதுவே. பின்னர்க் குரோமோசோம்கள் சாட்சி சொல்ல வந்தன. கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஜானகி அம்மாள், டார்லிங்டன் என்பவருடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து 1945இல் ஒரு நூல் வெளியிட்டார். இப்போது டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளின் எழுத்துக்களையே படித்து உறவு காண்கின்றனர். அவ்வாறு கண்ட புதிய வகைப்பாடு 1998இல் முதலில் வெளிவந்து, 2016இல் மூன்றாம் முறையாகத் திருத்தம் பெற்றது.

லின்னேயஸ் நமக்கு விட்டுச்சென்ற நிலையான செல்வம் அவருடைய வகுப்புகள் அல்ல. அவர் வழங்கிய பெயர்முறையே. அவருக்கு முன் ஒரு செடியின் பெயர் என்பது ஒரு வரி நீளமுள்ள இலத்தீன் வருணனையாக இருந்தது. 1753இல் வெளியிட்ட நூலில் அவர் ஒவ்வொரு செடிக்கும் இரண்டே சொற்களில் ஒரு பெயர் தந்தார். முதற் சொல் பேரினத்தைக் குறிக்கும்; இரண்டாம் சொல் சிற்றினத்தைக் குறிக்கும். மாமரம் மாஞ்சிஃபெரா இண்டிகா. மாங்காய் என்னும் நம் சொல்லே அதன் தலையில் இருக்கிறது. இந்தியாவில் வளரும் மாங்காய் தாங்கி என்பது பெயரின் பொருள். முருங்கையின் பேரினம் மொரிங்கா. அதுவும் நம் சொல்லே. தாவரப் பெயர்களின் கணக்கு அந்த 1753ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகிறது என்பது உலக விதி. ஒரே செடிக்கு இருவர் இரண்டு பெயர் வைத்தால் முன்னர் வைத்த பெயரே நிற்கும். அன்றியும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூலச் சான்று உண்டு; பெரும்பாலும் அது ஏதேனும் ஓர் உலர்தாவரக் கூடத்தில் தாளில் ஒட்டிவைத்த காய்ந்த செடியாக இருக்கும். ஐயம் எழும்போதெல்லாம் அறிஞர் அந்தத் தாளின் முன் போய் நிற்பர்.

கறிவேப்பிலைக்குப் பெயர் வந்த கதையைச் சொல்கிறேன். லின்னேயஸின் மாணாக்கர் ஒருவர், கோனிக் என்பவர், 1768இல் நம் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். இக்கரையோரத்துச் செடிகளைத் திரட்டித் தம் ஆசிரியருக்கு அனுப்பினார். 1771இல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்குப் பெர்கெரா கோனிகீ என்று பெயரிட்டு மாணாக்கரின் பெயரை அதில் நிலைநாட்டினார். 1825இல் வேறோர் அறிஞர் அதை முர்ரயா என்னும் பேரினத்திற்கு மாற்றினார். அண்மைக் காலத்து மரபணு ஆய்வு அதை மீண்டும் பெர்கெராவுக்கே கொண்டு சேர்த்துள்ளது. பேரினப் பெயர் இருமுறை மாறியது. கோனிக்கின் பெயர் மாறவில்லை. "விஞ்ஞானப் பெயர் ஏன் அடிக்கடி மாறுகிறது?" என்று மாணவர் சலித்துக்கொள்வதுண்டு. உறவைப் பற்றிய நம் அறிவு திருந்தும்போது முகவரியும் திருந்துகிறது என்று கொள்ளுங்கள்.

நம் கீழாநெல்லியும் இப்படிக் கடல் கடந்தது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் என்பவர் மலையாள நாட்டுச் செடிகளைப் பற்றிப் பன்னிரண்டு பெரிய தொகுதிகளை அச்சிடச் செய்தார். அவை 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தன. அந்நூலுக்கு அறிவு வழங்கியவர் இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியரும், அவரைப் போன்ற நம் நாட்டறிஞர் சிலருமே. கீழாநெல்லி அந்நூலில் 'கிர்கனேலி' என்று ஏறியது. அச்சொல்லைக் கொண்டே ஜுஸ்ஸியூ கிர்கனேலியா என்று ஒரு பேரினத்திற்குப் பெயரிட்டார். பின்னர் அதைப் பில்லாந்தஸில் அடக்கினர். 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பில்லாந்தஸ் அளவுகடந்து பெருத்துவிட்டது, அதைப் பல பேரினங்களாகப் பிரிக்க வேண்டும் என்கிறது. அவ்வாறு உயிர்ப்பிக்கப்பட்ட பெயர்களுள் கிர்கனேலியாவும் ஒன்று.

ஆனால் பெயர் பிழைத்தால் என்ன கேடு விளையும் என்பதையும் கீழாநெல்லியே காட்டுகிறது. நெடுங்காலம் நம் நாட்டுத் தாவர நூல்கள் கீழாநெல்லியைப் பில்லாந்தஸ் நிரூரி என்றே எழுதிவந்தன. அந்தப் பெயருக்கு உரிய உண்மையான செடியோ அமெரிக்கக் கண்டத்தது. 1985இல் மித்ரா, ஜெயின் என்னும் இந்திய அறிஞர் இருவர் பழைய தாள்களையெல்லாம் ஆராய்ந்து, நம் நூல்களில் நிரூரி என்று சுட்டப்பட்டது மூன்று வெவ்வேறு சிற்றினங்களின் கலப்பு என்று காட்டினர். அவற்றுள் முதன்மையானதே நாம் இன்று பில்லாந்தஸ் அமாரஸ் என்று அழைப்பது. அமாரஸ் என்றால் கசப்பானது என்று பொருள்.

இது வெறும் ஏட்டுச் சண்டை என்று எண்ணிவிடாதீர்கள். 1988இல் சென்னை ஆய்வாளர் சிலர் இந்த அமாரஸ் செடியை ஈரல் நோய்க் கிருமி ஒன்றைச் சுமந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, நம்பிக்கை தரும் முடிவை லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டனர். பிற நாடுகளில் செய்த சோதனைகள் அந்தப் பயனைக் காட்டவில்லை. இத்தகைய நிலையில் எழுகின்ற முதல் வினா, இருவரும் கொடுத்தது ஒரே செடிதானா என்பதே. செடியின் பெயர் ஐயத்திற்கு இடமின்றி இராவிட்டால், மருந்து பயன்படுமா படாதா என்ற வினாவுக்கு விடையே இல்லை. 2010இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, தென்னிந்திய நாட்டுமருந்துக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்ற சரக்கில் ஆறு வெவ்வேறு சிற்றினங்கள் இருந்ததாகக் கூறுகிறது. வாங்குபவர் கையில் ஒரே பெயர். பொட்டணத்தில் ஆறு செடிகள். ஒரு நோயாளியின் உயிர் அந்தப் பொட்டணத்தில் இருக்கக்கூடும் அன்றோ?

இப்போது என் பாட்டியின் இரண்டாம் குவியலுக்கு வாருங்கள். அவள் பால் கண்டு ஒதுக்கிய அம்மான் பச்சரிசியையும் கீழாநெல்லியையும் பெந்தம், ஹூக்கர் முறையில் ஒரே குடும்பத்தில், ஆமணக்குக் குடும்பத்தில், வைத்திருந்தனர். மரபணு வழி வந்த புதிய வகைப்பாடு நெல்லிகளைப் பிரித்துத் தனிக் குடும்பம் ஆக்கியது. அப்பிரிவை நீங்களே வீட்டில் கண்டுகொள்ளலாம். ஓர் ஆமணக்குக் காயை உடையுங்கள். மூன்று அறைகள், அறைக்கு ஒரு விதையாக மூன்று விதைகள் இருக்கும். ஒரு நெல்லிக்கொட்டையை உடையுங்கள்; மூன்று அறைகள், அறைக்கு இரண்டாக ஆறு விதைகள் இருக்கும். கடுகளவே உள்ள கீழாநெல்லிக் காயிலும் அதே ஆறு. அம்மான் பச்சரிசியில் ஆமணக்கைப் போல மூன்று. நெல்லிக் குடும்பத்தில் வெண்பாலும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி தண்டைக் கிள்ளிப் பார்த்த சோதனையும், இக்காலத்து மரபணு ஆராய்ச்சியும் ஒரே இடத்தில் கோடு கிழித்தன.

மூன்றாம் குவியல் எஞ்சியிருக்கிறது. பாட்டி "இது வேறு" என்றாளே, அது என்ன? நான் அதை மறுபடியும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு மாரியில் அவள் இறந்துபோனாள். கல்லூரியில் தாவர நூல் பயின்றபோது ஒரு நாள் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் இரண்டு செடிகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றின் காய்க்குச் சிறு காம்பு இருந்தது. மேல்தோல் வழவழப்பாய் இருந்தது. விதையில் நீளவாக்கில் வரிகள் ஓடின. அது அமாரஸ். மற்றொன்றின் காய்க்குக் காம்பு இல்லை. தோலெங்கும் சொரசொரப்பான முண்டுகள். விதையில் குறுக்குவாட்டில் வரிகள். அது பில்லாந்தஸ் யூரினாரியா. சிவப்புக் கீழாநெல்லி என்றும் சொல்வர். நான் கண்ணாடியை வைத்துவிட்டு, அந்தக் கிளையின் அடிப்பக்கத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தேன். விரலில் அந்தச் சொரசொரப்புத் தட்டியது. பாட்டி அன்று எனக்கு விடை சொல்லித்தான் இருந்தாள். வாயால் சொல்லவில்லை, விரலால் காட்டினாள். எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை.

அவள் விரலுக்குத் தெரிந்தவை இன்னும் எத்தனையோ இருந்திருக்கும். அவை அவளோடு போயின. செடிக்குப் பெயரிட்டு, குணங்களை எழுதி, காய்ந்த சான்றைத் தாளில் ஒட்டிவைக்கும் இந்தக் கலையின் பயன் இதுவே என்று நான் கருதுகிறேன். ஒருவர் அறிந்தது அவரோடு அழியாமல், முன்பின் அறியாத மற்றொருவர் கைக்குப் போய்ச் சேர்கிறது.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம் உங்கள் வீட்டு வாசலில் முளைத்திருக்கும் ஒரு செடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பூவைப் பிரித்து, இதழ் எத்தனை, மகரந்தத் தாள் எத்தனை, சூலகத்தில் அறை எத்தனை என்று எண்ணிப் படம் வரையுங்கள். ஒரு கிளையைப் பழைய செய்தித்தாளின் நடுவே அழுத்தி உலர்த்தி, எடுத்த இடத்தையும் நாளையும் எழுதி ஒட்டுங்கள். பிறகு வீட்டிலுள்ள முதியவரிடம் காட்டி, "இதற்கு என்ன பெயர்? எதைக் கொண்டு இதை அறிகிறீர்கள்?" என்று கேளுங்கள். முதல் வினாவைப் பலரும் கேட்பார்கள். இரண்டாம் வினாவை நான் கேட்கத் தவறினேன். அதற்கு விடை காண எனக்குப் பத்து ஆண்டுகள் ஆயின. நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டா.